இடி இல்லாத மழை

கறுப்பு நிற ஹெட்போன் அது. இரண்டு காதுகளையும் முழுக்க மூடிக்கொள்ளும் வகை. பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கைப்பேசிக் கடையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல் போய் வாங்கினேன். கடைக்காரர் அதை என் தலையில் மாட்டிவிட்டு ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கழற்றியதும் சிரித்துக்கொண்டே, “பாத்தீங்களா தங்கச்சி, பக்கத்துல லோரி போனாக்கூடத் தெரியாது லா” என்றார். லோரியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இடிக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “இடிக்குன்னு யாரும் இதுவரைக்கும் வாங்கினதில்ல” என்றார். அன்று மாலை கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் வாழ்க்கையையே மாற்றப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தேன்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் ஜென்செட் பட்டறையில் வேலை செய்தவர். மின்சாரம் போனால் தொழிற்சாலைகளில் ஓடுகிற, ஓர் அறை அளவுக்கு இருக்கும் டீசல் ஜெனரேட்டர்களைப் பழுதுபார்க்கும் இடம். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்களாம். அப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காதை அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. பட்டறையில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய மூன்றாவது நாளில்தான் அது வெளியே வந்தது. அத்தனை வருட எஞ்சின் சத்தத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

‘அது’ என்றுதான் அப்பா அதைச் சொல்வார். டாக்டர் வாயிலிருந்து வந்த டின்னிடஸ் என்ற பெயரும் எங்கள் வீட்டில் ஒட்டவில்லை, காதிரைச்சல் என்று நான் தேடிக் கொடுத்த பெயரும் ஒட்டவில்லை. முதலில் அது தன் காதில்தான் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஏதோ ஒன்று ‘ஈ…’ என்று விடாமல் கத்துகிறது என்று தேடத் தொடங்கினார். குளிர்பெட்டியை இழுத்துப் போட்டுப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். வெளிக்கதவைத் தானாகத் திறக்கும் ஆட்டோகேட் மோட்டாரைப் பிரித்து எண்ணெய் விட்டு மறுபடி பூட்டினார். கடைசியில் பக்கத்து வீட்டு அங்கிளிடம் போய், “உங்க மீன் தொட்டி பம்ப் ரொம்ப கத்துது, கொஞ்சம் பாருங்க” என்றிருக்கிறார். அவர் பாவம், பம்பை நிறுத்திவிட்டு “இப்ப?” என்று கேட்டாராம். “இன்னும் கத்துதே” என்றாராம் அப்பா. அணைந்துபோன மீன் தொட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றிருக்கிறார்கள். “அப்பதான் மா எனக்குத் தெரிஞ்சிச்சு. சத்தம் என்கூடவே நடந்து வருது.”

காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். வெளியே வந்த தாளில் ஒரு கோடு நேராகப் போய், ஓரிடத்தில் திடீரென்று பள்ளத்தில் விழுந்து, மறுபடி கொஞ்சம் ஏறியது. குருவிச் சத்தம், மைக்ரோவேவ் சத்தம் மாதிரிக் கீச்சென்று இருப்பதெல்லாம் விழும் பள்ளம் அது என்றார் டாக்டர். அங்கே கேட்கும் திறன் போய்விட்டது. போன இடத்தில் மூளை தானாக ஒரு சத்தத்தைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. மருந்து இல்லை; பெரிய சத்தத்திலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், கவனிக்கக் கவனிக்க வளரும், பழகினால் தணியும் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். “கல்யாணம் ஆன நாள்லேருந்தே உங்கப்பாவுக்குக் காது கேக்காது. டாக்டர் இப்பதான் கண்டுபிடிச்சாரா?” என்றார் அம்மா. அப்பாவே சிரித்துவிட்டார்.

கிள்ளானில் வருடத்தின் பாதி நாட்கள் ஒரே மாதிரிதான். காலையில் வெயில் கொளுத்தும். இரண்டு மணிக்குக் காற்று நின்றுவிடும். மூன்று, மூன்றரைக்கு மேற்கே கடல் பக்கம் கறுத்து, நான்குக்குள் வானம் உடைந்து கொட்டும். அந்த மழைதான் அப்பாவுக்குக் கிடைத்த மருந்து. கார் நிறுத்தும் முகப்பில் போட்டிருக்கும் தகரக் கூரைமேல் மழை விழுந்ததும் அவர் முகத்தில் ஏதோ இறங்கும். இறுக்கிக் கட்டியிருந்ததை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல. “மழ வந்தா அது நின்னுடுது மா” என்பார். நின்றுவிடவில்லை, மூடிக்கொள்கிறது என்று நான் விளக்கம் சொல்வேன். “ரெண்டும் ஒன்னுதான் லா” என்பார். ஆனால் இங்கே மழை தனியாக வருவதில்லை. பக்கத்தில் ஓர் இடி விழுந்தால் போதும், அவர் தோள் ஒருமுறை தூக்கிப் போடும். அதன்பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ‘அது’ ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் நாங்கள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்பார். மழைக்காக ஏங்குவதும் இடிக்குப் பயப்படுவதும் ஒரே மேகத்தைப் பார்த்து நடக்கும்.

எனக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. சும்மா இருக்கவும் வராது. காதிரைச்சல் உள்ளவர்கள் உலகம் முழுக்கக் கூடிப் பேசும் இணையக் குழுக்களில் சேர்ந்தேன். கைப்பேசியில் ஒரு செயலியை வைத்து, கீச்சுச் சத்தத்தை மேலும் கீழும் தள்ளித் தள்ளி, அப்பா “நிறுத்து, இதேதான்” என்று சொல்லும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்தேன். தினமும் காலையும் மாலையும் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டு அட்டவணை போட்டேன். அப்பா எல்லாவற்றுக்கும் பொறுமையாக ஒத்துழைத்தார். அந்தக் குழுக்களில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: மழைச் சத்தத்தைப் பதிவு செய்து காதில் ஓடவிடுவது. மழைக்கா பஞ்சம்? ஆனால் நான் தேடியது இடி இல்லாத மழை. பத்து மணி நேரம் ஓடும் பதிவு ஒன்று கிடைத்தது; எந்தக் குளிர்நாட்டு மழையோ. நடுவில் எங்கேயாவது உறுமல் இருக்கிறதா என்று மூன்று நாள் ரயிலில் போகும்போதும் வரும்போதும் வேகமாக ஓட்டிக் கேட்டேன். இல்லை. அதையும் அந்த ஹெட்போனையும் சேர்த்து அப்பாவிடம் கொடுத்தேன். முதல் நாள் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கழற்றியபோது, “இது எந்த ஊர் மழ? ரொம்ப மரியாதையான மழயா இருக்கே” என்றார்.

இதெல்லாம் நடந்தபோதே அம்மா படுத்துவிட்டிருந்தார். பாலர்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நாள் முழுக்கப் பேசியவர். நுரையீரல் மெதுவாக இறுகிப்போகும் நோய். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்லும் நிலைக்கு வந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்னக் குளிர்பெட்டி அளவுக்கு இருக்கும், மின்சாரத்தில் ஓடும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். மின்சாரம் நின்றால் சில விநாடியில் மெஷின் ‘பீ’ என்று விடாமல் கத்தும். உடனே யாராவது குழாயைக் கழற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திறக்க வேண்டும். பெரிய வேலை இல்லை. ஆனால் யாராவது செய்ய வேண்டும். நான் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவேன். இடைப்பட்ட நேரம் முழுக்க அந்த யாரோ, அப்பாதான்.

பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, இது பிடிக்கவில்லை. செராஸில் அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. நர்ஸ் உண்டு, மின்சாரம் போனால் தானாக ஓடும் ஜெனரேட்டர் உண்டு. அம்மா அங்கே போக மறுத்தார். “அவ வீட்டுலயே இருக்கட்டும் அக்கா, நான் பாத்துக்கிறேன்” என்றார் அப்பா. அதற்குப் பெரியம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “தம்பி, உங்க மனச நான் குத்தம் சொல்லல. உங்க காதத்தான் சொல்றேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா, செராஸ்தான்.” அப்பா சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே அந்த ஒரு தடவை வராமல் பார்த்துக்கொள்வதாக ஆனது.

நானும் என் பங்குக்கு ஓடினேன். அம்மா அறையில் கேமரா ஒன்றைப் பொருத்தினேன். அலுவலகத்திலிருந்தே கைப்பேசியில் பார்க்கலாம். அது மழை நேரத்தில் மட்டும் இருட்டிப் போனது. காரணம் எளிது. எங்கள் தெருவில் முதல் இடி கேட்டதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்: மோடம் வயரைப் பிடுங்குவார்கள், தொலைக்காட்சி வயரைப் பிடுங்குவார்கள், ஆட்டோகேட் சுவிட்சை அணைப்பார்கள். மின்னலுக்கு நாங்கள் ஏற்கெனவே இரண்டு மோடத்தைக் கொடுத்திருந்தோம். அப்பாவைக் குறை சொல்ல முடியாது. கேமராவை விட்டுவிட்டு, மெஷினின் கத்தலையே நம்பலாம் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சோதித்தும் பார்த்தேன். அம்மாவைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, சுவரில் மெஷினுக்கான சுவிட்சை அணைத்து, நடுக்கூடத்தில் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, மழையை ஓடவிட்டேன். மழைக்குள்ளேயும் ‘பீ’ என்று ஊசி மாதிரி தெளிவாகக் கேட்டது. திருப்தியாக எழுந்து போய்ச் சாப்பிட்டேன். அந்தச் சோதனையை நான் என் காதால் செய்தேன். அப்பா அப்போது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு ஒருமுறை உட்கார வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அது நடந்தது ஒரு புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணி வாக்கில். நான் அங்கே இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வழக்கம்போல் வயர்களைப் பிடுங்கிவிட்டு அப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். காதில் ஹெட்போன், மடியில் செய்தித்தாள். பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்து, மெயின் சுவிட்ச் தானாக இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் சாதாரணமாக நடப்பதுதான். மெஷின் கத்தத் தொடங்கியது. ஹெட்போனையும் மீறித் தரையில் அதிர்ந்த அந்த இடிக்குப் பிறகு, ‘அது’ ஏறிவிட்டது என்று அப்பா நினைத்திருக்கிறார். ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கண்டுக்காதீங்கப்பா. துரத்தாதீங்க. மூச்ச மெதுவா விடுங்க, மழைய மட்டும் கேளுங்க. அவர் நல்ல மாணவர். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

உள்ளே அம்மா எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டியிருக்கிறார். கூப்பிட வேண்டுமென்றால் அதுதான் எங்கள் ஏற்பாடு. தட்டத் தட்ட மூச்சு வாங்கியது. கடைசியில் டம்ளரைக் கதவுப் பக்கமாக வீசியிருக்கிறார். அது வாசலைத் தாண்டாமல் உருண்டு நின்றுவிட்டது. எத்தனை நிமிடம் போயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அம்மா பத்து என்றார், அப்பா மூன்று என்றார். மழைக்குக் குளிரும் என்று வழக்கமாக அணைத்துவிடும் கூடத்து மின்விசிறியை அப்பா அன்றைக்கு மறந்து போய் ஓடவிட்டிருந்தார். மடியில் படபடத்துக்கொண்டிருந்த செய்தித்தாள் அசையாமல் கிடந்ததை, கண் திறந்தபோது பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அதன்பிறகு அவர் எழுந்து ஓடியதும் குழாயை மாற்றியதும் அவருக்கே நினைவில்லை. அம்மாவின் உதடு நீலமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நான் வீட்டுக்கு வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் அதன் பெட்டிக்குள் போய், பெட்டி மூடப்பட்டு, மேசையின் நடுவில் இருந்தது. “பெரியம்மாவுக்குப் போன் போடு மா” என்றார். நடந்ததைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. “இன்னிக்கு உங்கம்மாவ நான் கொன்னுருப்பேன். நான் அங்கதான் உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போயிருந்தாக்கூட பரவால்ல. உக்காந்துகிட்டே கொன்னுருப்பேன்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மா விழித்ததும் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, அப்பாவைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போன் இல்லாமல், மழை இல்லாமல், மெஷினின் சுவர் சுவிட்சை அணைத்தேன். வீடே கிழிவதுபோல் கத்தியது. “கேக்குதாப்பா?” அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். “எது மா? அதுவா, இதுவா?” என்றார். நான் மெஷினைப் போட்டேன். “இப்ப?” “அப்படியேதான் இருக்கு.” மறுபடி அணைத்தேன். “இப்ப?” அவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் கண்டுபிடிக்க முயன்றார். அந்தச் செயலியை எடுத்துப் பார்த்தேன். அவர் “நிறுத்து, இதேதான்” என்று சொன்ன இடத்துக்கும் மெஷினின் கத்தலுக்கும் நடுவில் ஒரு மயிரிழைதான் இருந்தது. டாக்டர் கொடுத்த தாளில் பள்ளமும் அங்கேதான். எல்லாம் என் கையிலேயே இருந்தது. நான்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. “தப்பு என்னோடதுப்பா” என்றேன். “யாரோட தப்புன்னா என்னா மா, மூச்சு அவளோடது” என்றார்.

பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் நினைத்தேன். அம்மாதான் சொல்லச் சொன்னார். “அவ என் அக்கா. மறைச்சா… அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுப் பேசுவேன்?” சொன்னேன். பெரியம்மா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “சனிக்கிழம வரேன். அங்க சேக்குற விண்ணப்பப் பாரத்த எடுத்துட்டு வரேன்” என்று வைத்துவிட்டார். இடையில் இரண்டு நாள். நான் வழக்கம்போல் இணையத்தில் இறங்கினேன். மின்சாரம் போனால் பளிச் பளிச் என்று எரியும் விளக்கு ஒன்று கிடைத்தது. வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அப்பா காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நான் வந்தபோது, அம்மா கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன மேசை மின்விசிறி இருந்தது. மெஷினின் வயரும் அதன் வயரும் ஒரே இணைப்புப் பலகையில் செருகப்பட்டிருந்தன. விசிறியின் கம்பி வலையில் சிவப்புத் துணி ரிப்பன் ஒன்று, ஒரு முழ நீளத்துக்கு. காற்றில் நேராக நீட்டிக்கொண்டு ஆடியது. என்னப்பா இது என்றேன். பட்டறை வழக்கம் என்றார். ஐந்தாறு ஜென்செட் ஒன்றாக ஓடும் இடத்தில் எந்த எஞ்சின் நின்றது என்று காதால் சொல்லவே முடியாதாம். அதனால் ஒவ்வொன்றின் ரேடியேட்டர் வலையிலும் ஒரு துணிக் கீற்றைக் கட்டிவிடுவார்கள். கொட்டகையின் கடைசியில் நின்றுகொண்டு ஒரு பார்வை பார்த்தால் போதும். எந்தத் துணி தொங்குகிறதோ அந்த எஞ்சின் படுத்துவிட்டது. “முப்பது வருஷம் துணியப் பாத்துதான் மா சம்பாரிச்சேன். காது எதுக்கு?” அம்மாவின் டம்ளரும் போயிருந்தது; பதிலாகச் சப்பாத்திக் கட்டை. கட்டில் சட்டத்தில் தட்டினால் ‘டொம்’ என்று அடிக்குரலில் கேட்கும். அந்தக் குரல் அப்பாவின் பள்ளத்துக்கு வெளியே இருந்தது. ஆனால் ஹெட்போன் போட்டால் அது கேட்காது. “போட மாட்டேன்” என்றார். “இடி?” என்றேன். “இடி இடிக்கும்” என்றார்.

சனிக்கிழமை பெரியம்மா இரண்டரைக்கு வந்தார். கைப்பையில் இல்லத்தின் விண்ணப்பப் பாரம். அம்மாவின் தலையைத் தடவிக் கொடுத்தார், கட்டிலில் உட்கார்ந்தார், ரிப்பனைப் பார்த்தார். “என்னா இது, தேர்த் திருவிழாவா?” அப்பா மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பாரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றும் கேட்டார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் மேற்கே முதல் உறுமல் கேட்டது. அப்பா எழுந்தார். மோடம், தொலைக்காட்சி, ஆட்டோகேட். பெரியம்மா பின்னாலிருந்து, “தம்பி, மறந்துபோய் மெஷின் வயரயும் புடுங்கிடாதீங்க” என்றார். பாதி கிண்டல்தான், மீதிப் பாதி கிண்டல் இல்லை. அப்பாவுக்குக் கேட்டதா தெரியவில்லை. நாற்காலியை இழுத்து வந்து அறை வாசலில் போட்டு, விசிறிக்கு எதிரே உட்கார்ந்தார்.

மழை இறங்கியது. பெரியம்மா இல்லத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இட்லி உண்டு, ஜன்னலோரப் படுக்கை கேட்டு வைத்திருக்கிறேன். அப்பா அவர் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் இங்க பேசுறேன். நீங்க அங்க என்னா பாக்குறீங்க தம்பி?” அப்பா, “பேசுங்க அக்கா, பேசுங்க” என்றார். இடி ஒன்று விழுந்தது. அவர் தோள் குலுங்கியது, கை நாற்காலியைப் பிடித்தது, கண் மட்டும் இமைக்கவில்லை. இன்னொன்று. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டவணையில் எத்தனை எண் ஏறுகிறது என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது, பக்கத்திலேயே. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டார். நானும் கண்ணை மூடியிருக்க வேண்டும். திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

ரிப்பன் இன்னும் முழுசாகக் கீழே இறங்கவில்லை. அப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். குழாய் மெஷினிலிருந்து கழன்று சிலிண்டருக்குப் போய்விட்டது, இடது கை வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மெஷின் கத்தத் தொடங்கியது. பெரியம்மா பதறி எழுந்தார். “ஐயோ, என்னா சத்தம் அது?” அப்பா அம்மாவின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியின் எண்ணைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தார். “எந்தச் சத்தம்?” என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார். அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் மூச்சு வாங்கும், அதனால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். ரிப்பன் எழுந்து நின்றது.

மழை விடும்வரை பெரியம்மா கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். தேநீர் குடித்தார். பாரத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். “வண்டியில ரெண்டு செட் பெட்ஷீட் இருக்கு. அங்க குடுக்கணும்னு புதுசா வாங்குனது. இங்கயே எறக்கி வச்சிடறேன்” என்றார். வாசல்வரை நான்தான் போனேன். கார்க் கதவைத் திறந்தவர் நின்று, “உங்கப்பாவுக்குக் காது இப்ப பரவால்லயா?” என்றார். “பரவால்ல பெரியம்மா” என்றேன். உள்ளே அப்பா நாற்காலியிலேயே இருந்தார். அன்று இரவு சாப்பிடும்வரை நாங்கள் சொன்ன எதுவும் அவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. எல்லாவற்றுக்கும் புன்னகைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இது போன வருடம். அம்மா இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். நான் வரவழைத்த விளக்கு வந்து சேர்ந்தது, வேலையும் செய்கிறது. அப்பா அதை ஒப்புக்குத்தான் வைத்திருக்கிறார். போன மாதம் மறுபடி காது டாக்டரிடம் போனோம். பள்ளம் ஆழமாகியிருக்கிறது. சத்தத்திலிருந்து தள்ளியே இருக்கச் சொன்னேனே என்றார் டாக்டர். அப்பா, “முடிஞ்சவரைக்கும் பாக்குறேன் டாக்டர்” என்றார். நான் புதுத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

இன்று விடுமுறை, வீட்டில் இருக்கிறேன். மூன்றே முக்கால். கடல் பக்கம் கறுத்துவிட்டது. நான் இருக்கிறேன்ப்பா, கொஞ்ச நேரம் நான் உட்காருகிறேன், நீங்கள் பின்னறைக்குப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “நீ உன் வேலையப் பாரு” என்றார். அம்மாவின் அறை வாசலில், விசிறிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு இடி விழுந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தோள் ஒருமுறை தூக்கிப் போடுகிறது. முகம் திரும்புவதில்லை.